எலிகளுக்குச் சாராயம் வாங்கியவர்

எங்கள் டொக்டர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில் எறிக்கும் நேரத்தில், ஊரெல்லாம் பார்க்கச் சாராயக் கடைக்குச் சைக்கிளில் போவார். ஒரு போத்தல் வாங்குவார். கடைக்காரர் பேப்பரில் சுற்றித் தரப்போனால் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, போத்தலைச் சைக்கிளின் முன்கூடையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்து வருவார். மற்ற ஆண்கள் அதே கடையில் வாங்கியதைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு ஒழுங்கைக்குள் மறைவார்கள். இவர் கோயிலுக்குப் பால் கொண்டுபோகிறவர் மாதிரி வருவார்.

அவர் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. சாராயம் எலிகளுக்கு. இதை ஊருக்கு யார் விளங்கப்படுத்துவது? மாட்டு டொக்டர் பெருங்குடிகாரர் என்று ஊர் எப்போதோ தீர்மானித்துவிட்டது.

"ஒரு பையுக்குள்ள போட்டுக்கொண்டு வரக்கூடாதோ டொக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எலிக்கு வாங்கிறதை ஏன் அக்கா ஒளிக்கவேணும்?"

"எலிக்கெண்டு சொன்னா ஆர் நம்புவினம்?"

"நம்பவேண்டாம். வந்து பாக்கட்டும்."

அதுதான் அவர். நம்பச் சொல்லமாட்டார், தானும் லேசில் நம்பமாட்டார். வந்து பார், தொட்டுப் பார், நிறுத்துப் பார், பிறகு பேசு. சண்டை நடந்த அந்த வருடங்களில் எங்கள் ஊர் முழுக்க முழுக்கக் காதால் கேட்ட கதையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு மனிதரோடு வேலை செய்வது பெரிய சோதனை. நான் கால்நடை வைத்திய கந்தோரில் மருந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பான கிளாக். அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. அதனால் நான் அக்கா, அவர் டொக்டர்.

ஒருநாள் பகல் சந்தையில் இரண்டு பேரும் எலிகளுக்குக் கடலை வாங்கிக்கொண்டு நின்றோம். "சுத்திவளைக்கிறாங்கள்!" என்று ஒருவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். கடைப் பலகைகள் படபடவென்று விழத் தொடங்கின. டொக்டர் ஓடி வந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை, சொல்லிச்சினம்."

"சொன்னவை பாத்தவையோ?"

அந்த மனிதர் சொன்ன மறுமொழியை இங்கே எழுத ஏலாது. நான் டொக்டரின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பலசரக்குக் கடையின் பின்னறைக்குள் ஓடினேன். உண்மையாகவே ராணுவம் சுற்றிவளைத்திருந்தது. மூன்று மணித்தியாலம் வெங்காய மூட்டைகளின் மேல் இருந்தோம். வெளியே சப்பாத்துச் சத்தம் போனதும் டொக்டர் கதவு இடுக்கால் பார்த்துவிட்டு, "ஓம், அவர் சொன்னது சரிதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தலையில் ஒரு வெங்காயத்தால் எறிந்திருப்பேன்.

எலிகள் இங்கே வந்ததே ஒரு கதை. மலைநாட்டில் பல்கலைக்கழகத்தில் அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். தீராத நோவு உள்ள மிருகம் சாராயத்தைத் தேடிப் போகுமா, போனால் அந்த நோவு குறையுமா, கூடுமா என்பதுதான் கேள்வி. நாடு குழம்பியதால் அங்கே அது பாதியில் நின்றது. எங்கள் ஊருக்கு வேலை கிடைத்ததும் பேராசிரியரின் கடிதத்தோடு எலிகளையும் ஒரு கூடையில் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். வழியில் சோதனைச் சாவடியில் கூடையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே பன்னிரண்டு வெள்ளை எலிகள். எதற்கு என்று ஆமிக்காரர் கேட்க, இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: சாராயம் குடுக்க. ஆமிக்காரர் மற்றவர்களையும் கூப்பிட்டாராம். "கடிச்சுக்கொள்ள என்ன குடுப்பாய், பொரிச்ச மீனோ?" என்று ஒருவர் கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நோகிற எலிக்கும் நோகாத எலிக்கும் ஒரே சாப்பாடுதான் குடுக்கவேணும், இல்லையெண்டா ஒப்பிட ஏலாது எண்டு சொன்னனான்."

சிரிக்காமல் சொன்னார். ஆமிக்காரர்களுக்கும் இதே முகத்தோடுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் விட்டிருக்கிறார்கள்.

கந்தோரின் பின்னறை ஜன்னலைத் திறந்தால் கீழே உள்துறைமுகம் தெரியும். அந்த அறையில்தான் கூடுகள். ஆறு எலிகளுக்கு மயக்கமருந்து கொடுத்து, பின்னங்கால் நரம்பு ஒன்றை நூலால் மெல்லக் கட்டினார். அந்தக் கால் பிறகு எப்போதும் நோகும். மற்ற ஆறுக்கும் அதேபோல மயக்கி, தோலை மட்டும் வெட்டித் தைத்தார். கத்தி பட்டதில் வித்தியாசம் இருக்கக்கூடாதாம். அன்று நான் கொண்டுபோன சோற்றுப் பார்சலை அவர் திறக்கவே இல்லை. பிடிக்காத வேலையை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "தெரியாமல் கதைக்கிறது இதைவிடப் பிடிக்காது" என்றார். எனக்கு அந்த மறுமொழி போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஆனால் அவருக்கும் அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஒவ்வொரு கூட்டிலும் ஓர் எலி, இரண்டு போத்தல். ஒன்றில் தண்ணீர், மற்றதில் கொஞ்சம் சாராயம் கலந்த தண்ணீர். எலி தன் விருப்பத்துக்குக் குடிக்கலாம். எலிகளுக்கும் இடப்பக்கம் வலப்பக்கம் என்று பழக்கம் பிடித்துவிடுமாம், அதனால் நாள்தோறும் போத்தல்களை இடம் மாற்ற வேண்டும். காலையில் போத்தலை மருந்துத் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுத வேண்டும். நோவை அளக்கப் பெரிய கருவி எதுவும் வாங்க வழியில்லை. மீன்பிடிச் சாமான் கடைக்குப் போய், தலைமயிர்த் தடிப்பில் இருந்து நூல் தடிப்பு வரை ஏழெட்டு விதமான தங்கூசி, தூண்டிலுக்குப் போடும் நைலோன் இழை, வாங்கி வந்தார். கம்பிவலைக்குக் கீழே இருந்து தங்கூசி நுனியால் எலியின் உள்ளங்காலைத் தொடுவார். மெல்லிய தங்கூசிக்கே காலைத் தூக்கினால் நோவு அதிகம். தடித்த தங்கூசி வளையும் வரை பேசாமல் நின்றால் நோவு குறைவு. கடைக்காரர், "ஐயா மீன் பிடிக்கவும் வெளிக்கிட்டிட்டார்" என்று பரப்பிவிட்டார். குடியோடு மீன்பிடியும் சேர்ந்துகொண்டது.

இனி என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நான் அவருக்குச் செய்த துரோகம் விளங்காது.

என் கணவர் துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். கப்பல் ஏணியில் கால் வழுக்கி விழுந்து நாரியில், முதுகின் அடியில், அடிபட்டது. எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நோவு மட்டும் போகவில்லை. வேலையை விட்டார். பொழுதுபடக் குடிக்கத் தொடங்கினார். மூன்று வருடம். அடிக்கவும் மாட்டார், சத்தம் போடவும் மாட்டார். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் போவதை நிறுத்திவிட்டாள். இந்தச் செய்தி மட்டக்களப்பில் இருந்த என் பெரியண்ணனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறேன், உன்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன், குடிகாரன் சாம்பல்தீவில் தன் தாயோடு போய் இருக்கட்டும் என்று கடிதம் போட்டிருந்தார். எனக்குப் போக விருப்பமில்லை. என் கணவரை விட்டுப்போக மனமில்லை. ஆனால் அண்ணனுக்கு என்ன சொல்வது? நோவுக்குத்தான் அண்ணா குடிக்கிறார் என்றால், குடிக்கிறவன் எல்லாம் சொல்லும் சாட்டு அது என்பார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கூடுகள் கண்ணில் பட்டன. நோவு பிடித்த எலிகள்தான் கூடுதலாகக் குடிக்கின்றன என்று டொக்டர் முத்திரை குத்தி எழுதித் தந்தால், அதை அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டலாம் அல்லவா? ஆனால் எலிகள் ஒத்துழைக்கவில்லை. கால் நொந்த ஆறில் மூன்று கொஞ்சம் கூடுதலாகக் குடித்தன. ஒன்று நோகாத எலிகளைப் போலவே குடித்தது. இரண்டு சாராயப் பக்கமே திரும்பவில்லை.

டொக்டர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட நாலு நாள் மூதூருக்குப் போனார். போத்தல்களை என் பொறுப்பில் விட்டுப் போனார். நான் நாலு நாளும் காலையில், தராசில் வைப்பதற்கு முன், நொந்த எலிகளின் ஆறு சாராயப் போத்தல்களில் இருந்தும் இரண்டு இரண்டு தேக்கரண்டியைத் தொட்டிக்குள் ஊற்றினேன். குறைந்ததெல்லாம் எலி குடித்ததாகக் கொப்பியில் எழுதினேன். பார்க்க எவ்வளவு வடிவாக இருந்தது.

டொக்டர் வந்தார். கொப்பியைப் பார்த்தார். தங்கூசிகளை எடுத்துக்கொண்டு கூடுகளுக்குக் கீழே குந்தினார். கொஞ்ச நேரத்தில், "இவ்வளவு குடிச்ச எலி இந்த மெல்லிசுக்குக் காலைத் தூக்காதே" என்றார். திரும்பத் தொட்டுப் பார்த்தார். எலி திரும்பவும் வெடுக்கென்று தூக்கியது.

அவர் என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. போத்தல்கள் ஒழுகுகின்றன என்று நினைத்துவிட்டார். பன்னிரண்டு சாராயப் போத்தலையும் கழற்றி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே கடதாசி விரித்து, சொட்டு விழுகிறதா என்று பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்தார். கதிரையைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் நாடியை வைத்தபடி. ஒரு சொட்டும் விழவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு, "மூடி இறுக்கினது என்ர பிழையாத்தான் இருக்கும், அக்கா" என்றார்.

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"நான்தான் ஊத்தினனான், டொக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு?"

"ரெண்டு தேக்கரண்டி."

"நாலு நாளுமோ? ஆறு போத்தலிலயும் ஒரே அளவோ?"

"ஓம்."

கொப்பியைத் திறந்து அந்த நாலு நாளையும் சிவப்புப் பேனையால் வெட்டினார். பக்கத்தில் 'போத்தல்களில் இருந்து வெளியே ஊற்றப்பட்டது' என்று எழுதினார். யார் ஊற்றியது என்று எழுதவில்லை. பேனையை மூடி வைத்த பிறகுதான் ஏன் என்று கேட்டார். அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாரி, மூன்று வருடம், அண்ணனின் கடிதம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எலி ஆறும் கூடக் குடிச்சிருந்தாலும் அது உங்கட அவரைப் பற்றின சாட்சியில்லை அக்கா. எலிக்குக் குடிக்கிறதெண்டா தலையைத் திருப்பினாப் போதும். உங்கட அவர் கடைக்கு நடக்கவேணும், வழியில நாலு பேரைக் காணவேணும், வீட்டை வந்து உங்கட முகத்தைப் பாக்கவேணும். எலிக்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை."

"அப்ப உங்கட எலியால எனக்கென்ன பிரயோசனம்?"

"அவருக்கு எந்த நேரம் கூட நோகுது?"

"எப்பவும் நோகுதுதானே."

"குடிக்க முந்தியோ, பிந்தியோ? விடியவோ, பொழுதுபடவோ? கேட்டனீங்களோ?"

மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த எனக்குத் தெரியவில்லை. எலிகளின் நோவென்றால் எந்தத் தங்கூசிக்குக் காலைத் தூக்கும் என்பதுவரை தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு டொக்டரே லிங்கநகருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு மாட்டு டொக்டரையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்று என்னிடம் சீறினார்.

"ஓம்," என்றார் டொக்டர், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "மாடெண்டா எங்கை நோகுதெண்டு நான்தான் தடவித் தடவிக் கண்டுபிடிக்கவேணும். நீங்கள் வாயால சொல்லுவியள். எனக்கு வேலை குறைவு."

மூன்று வருடத்தில் என் கணவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். டொக்டர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. குடிக்காதே என்றும் சொல்லவில்லை. மனிதருக்குரிய டொக்டரிடம் திரும்பவும் ஒருமுறை காட்டச் சொன்னார். போகும்போது பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைக் கொடுத்தார். காலை, மத்தியானம், பின்னேரம் என்று நோவைப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும், குடித்தால் குடித்தது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். வின்ச் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு தூக்கையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்கள். இவருக்கு அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. கோடு போட்டு, திகதி போட்டு, அழகாக எழுதினார்.

இரண்டு கிழமை போக, ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "இஞ்சேர், இதைப் பார். குடிக்கிற நேரம் நோவு குறையுதுதான். ஆனா குடிச்சதுக்கு அடுத்த நாள் விடியத்தான் பொல்லாத நோவு. குடிக்காத நாளில விடிய அவ்வளவு இல்லை."

நான் கந்தோருக்கு ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் தன் கொப்பியை என் பக்கம் திருப்பினார். கிழமைக் கணக்காகக் குடித்த எலிகளுக்கு அவர் மூன்று நாளுக்கு முன் சாராயப் போத்தலை எடுத்துவிட்டிருந்தார். இப்போது அவை, சாராயம் தொடாத காலத்தைவிட மெல்லிய தங்கூசிக்கே காலைத் தூக்கின. நான் துள்ளிக் குதிக்காத குறை. அவர், "மூண்டு எலியும் ஒரு மனிசனும். இதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார். ஆனால் அன்று மத்தியானம் என் பார்சலில் இருந்து ஒரு மீன் துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிகவும் சந்தோஷமாக இருந்தால்தான் அப்படிச் செய்வார்.

பிற்பாடு அவர் தெற்குப் பக்கம் மாற்றலாகிப் போனார். அந்த ஆராய்ச்சி எங்கேயாவது அச்சில் வந்ததோ தெரியாது. மூன்று எலியை வைத்து அவர் அச்சுக்குக் கொடுத்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே இருந்தாலும் அந்த நாலு நாளைச் சிவப்பில் வெட்டிய பக்கமும் அதில் சேர்ந்திருக்கும்.

அது பிந்திய கதை. அண்ணன் வருவதற்குள் என் கணவர் குடியை வெகுவாகக் குறைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை முனகிக்கொண்டு செய்தார். ஒன்பது நாள் தொடர்ந்து குடிக்கவில்லை. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மழை இருட்டியது, நாரி பிடித்துக்கொண்டது, குடித்துவிட்டார். மறுநாள் காலை அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஞாயிறு அண்ணன் வருகிறார். இவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எழுதவோ, விடவோ?"

எழுதாமல் விட்டால் பத்து நாள் தொடர்ச்சியாக இருக்கும். என்ன வடிவாக இருக்கும். கதிரை முதுகில் நாடியை வைத்துக்கொண்டு ஒழுகாத போத்தலைப் பகல் முழுக்கப் பார்த்திருந்த முகம் எனக்கு நினைவு வந்தது.

"எழுதுங்கோ," என்றேன்.

அண்ணன் வந்தார். சாப்பிடச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். கதைக்க வந்த ஆளாகவே கதிரை நுனியில் இருந்தார். இவர் கொப்பியை நீட்டினார். அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது.

"முந்தநாளும் குடிச்சிருக்கிறீர்."

"ஓம்."

"நான் வாறனெண்டு தெரிஞ்சும் ஏன் இதை எழுதினனீர்?"

"குடிச்சனான், மச்சான். அதுதான் எழுதினனான்."

அண்ணன் கொப்பியை மூடப்போனவர் மூடவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், திரும்பவும் நிதானமாக ஒவ்வொரு நாளாகப் படித்தார். மகள் வந்து தகப்பனின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அண்ணன் அதையும் பார்த்தார். கடைசியில், "இதை எழுதினவர் மற்றதையும் உள்ளபடிதான் எழுதியிருப்பார்" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "சோத்தைப் போடு பிள்ளை, பசிக்குது" என்றார்.

திங்கட்கிழமை காலை அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் பிந்திக் கந்தோருக்குப் போனேன். டொக்டர் தானே போத்தல்களை நிறுத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா?"

"போயிட்டார்."

"தனியவோ?"

"தனியத்தான்."

தலையை ஆட்டிவிட்டு நிறையை எழுதினார். அடுத்த போத்தலைத் தராசில் வைத்தபடி, "நீங்கள் போகமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

இத்தனை காலமும் நான் பட்ட பாட்டுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வாய்க்காது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எப்பிடித் தெரியும் டொக்டர்? என்னத்தைப் பாத்துச் சொல்லுறியள்?"

அவர் போத்தலைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், ஜன்னலால் கடலையும் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஒண்டையும் பாக்கேல்லை அக்கா," என்றார். "சும்மா நம்பிக்கொண்டு இருந்தனான்."